கைகளால் பேசிய வீடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பட்டுத் தறிகள் இருந்தன. அவை ஓடும்போது அருகில் நிற்பவரின் குரலும் கேட்காது; ஆகவே எல்லோரும் கையால்தான் பேசினோம். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் ‘கொஞ்சம் பொறு’. அண்ணன் மகள் மூன்று வயதை நெருங்கியபோது இவை அனைத்தையும் பிழையின்றிச் செய்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை.

அண்ணியின் கவலை அதுதான். தெருக்குழாயில் எதிர்வீட்டுக்காரி, “இன்னாடி, உம் பொண்ணு இன்னும் வாயத் தொறக்கல? படவேட்டு அம்மன் கோயிலுக்கு இட்டுகினு போய் வேண்டிக்கோ” என்றபோது, பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டார். வேண்டிக்கொண்டார். பிறகு, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் கூட்டிக்கொண்டு வேலூரில் மருத்துவரிடம் காட்டினார்.

“காது நல்லா கேக்குது. வீட்ல குழந்தைகிட்ட பேசறீங்களா?”

“பேசிகினுதாங்க இருக்கோம்” என்றார் அண்ணி. பேருந்தில் ஏறிய பின் என் பக்கம் திரும்பி, “பேசறமா?” என்று கேட்டார்.

விடை அமாவாசையன்று கிடைத்தது. அன்று தறிகளுக்கு ஓய்வு. வீடு அமைதியாக இருந்தது. அப்போதும் அண்ணன் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனார், அண்ணி சொம்பை நீட்டினார்.

“தறிதான் நின்னுபோச்சே அண்ணா, வாய்க்கும் இன்னிக்கு லீவா?” என்றேன். அதிகம் பேசாத நான் கேட்டதாலோ என்னவோ, அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அன்றிலிருந்து தறி ஓடாத நேரங்களில் குழந்தை எதைப் பார்க்கிறாளோ அதன் பெயரைச் சொன்னோம். அவள் கை காட்டினால், “தண்ணியா? இந்தா, தண்ணி” என்று சொல்லிக் கொடுத்தோம், பதிலுக்குச் சற்றுக் காத்திருந்தோம். அவள் எங்கள் வாயையே பார்த்தாளே தவிர, பேசவில்லை. “இது பேசறதுக்குள்ள நமக்குத் தொண்ட கட்டிக்கும்” என்றார் அண்ணன். அண்ணி சிரிக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருந்தோம். நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குக் கஞ்சி தடவும் வேலை. பெரியவர்கள் அனைவரும் இழைகளின்மேல் குனிந்திருந்தோம். பின்னால் கஞ்சிக் குண்டானை நோக்கி ஓர் ஆடு வந்தது. அதைப் பார்த்தவள் குழந்தை மட்டுமே. கையை வீசி விரட்டிக் காட்டினாள். நான் கடைக்கண்ணால் பார்த்தும், விளையாடுகிறாள் என்று இருந்துவிட்டேன். மற்றவர் எவரும் நிமிரவில்லை. மறுபடியும் வீசினாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

“ஆடு! ஆடு!”

அண்ணி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி அவளைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் அவளருகே போய், “இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு” என்று கெஞ்சினார். ஆடு நிம்மதியாகக் கஞ்சி குடித்தது.

“மொதல்ல ஆட்ட ஓட்டுங்கப்பா!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“குடிக்கட்டும் வுடுக்கா” என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பெத்தவள வுட்டுட்டு ஆட்டத்தான் மொதல்ல கூப்ட்டா பாரு!”