துவைத்த தூளிகள்

எண்பதுகளின் தொடக்கம். ராயப்பன்பட்டியில், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் நான் ஆயா. எப்படி அழுகிற பிள்ளையையும் பாடியே தூங்கவைப்பேன் என்று எனக்குப் பெயர்.

அங்கே சேவை செய்ய ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இளம்பெண், தூளிகள் அழுக்காக இருக்கின்றன என்று ஒருநாள் காலையில் அத்தனையையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்தாள். எல்லாம் தாய்மார்களின் பழஞ்சேலைகள். அன்று மத்தியானம் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய பேச்சியம்மாள், மகனுடைய தூளியை முகர்ந்து பார்த்தாள்.

"என் வாசமே இல்லையே அக்கா, பெறகு எப்படித் தூங்குவான்? அந்த வெள்ளக்காரப் பிள்ளைய வையாதீக, பாவம். ராத்திரி நான் இதை உடுத்திப் படுத்துட்டுக் காலையில கொண்டாரேன்."

மற்ற தாய்மார்களும் அப்படியே செய்தார்கள். மறுநாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. தூளிகளைச் சும்மா ஆட்டிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிட்டன.

இத்தனை வருடமும் நான் யாரைத் தூங்கவைத்தேன் என்று யோசித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கும் கண் சொருகியது.