வெள்ளி பார்க்கும் துலா

தொம்!

ஜெனீற்றா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் புருசன் றொபேட் படுத்திருந்த அறையிலிருந்து வந்தது. அவனுடைய முகத்துக்கு நேர் மேலே தொங்குகிற பெரிய பைனாகுலர்தான் விழுந்துவிட்டதென்று நினைத்து, திருவலையைத் தட்டிவிட்டு ஓடினாள்.

பைனாகுலர் விழவில்லை. றொபேட்டின் தம்பி றொஜன் அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நின்றான். மற்றக் கையில், கடலில் மூழ்கும் சுழியோடிகள் பாரத்துக்கு இடுப்பில் கட்டும் ஈயப்பட்டி. அதிலிருந்து நழுவிய ஈயக்கட்டி ஒன்று சீமெந்து நிலத்தில் கிடந்தது.

“கையை எடாத! எடுத்தியெண்டா என்ர மூஞ்சி சம்பல்” என்றான் கட்டிலில் மல்லாந்து கிடந்த றொபேட்.

“அப்ப எதுக்கு அண்ணை இதை மூஞ்சிக்கு மேல கட்டி வைச்சிருக்கிறியள்?”

“எனக்குப் பார்க்கிறதுக்கு வேற திசை இருக்கே?”

மண்டைதீவில் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர்களில் றொபேட் அளவுக்கு ஆழம் போனவன் இல்லை என்பார்கள். அந்தப் பெருமைதான் அவனைத் தின்றது. ஒருநாள் சிலிண்டரோடு கடலடியில் நெடுநேரம் கிடந்துவிட்டு அவசரமாக மேலே வந்தான்; அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும். சிரித்துக்கொண்டுதான் படகில் ஏறினான். கரை வந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இருக்கவில்லை. பாவி, அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது!

வருடக்கணக்காகக் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு சுவிசிலிருந்து வந்த ஜெனீற்றாவின் தமையன், காவித் திரியப் பாரமென்று இந்தப் பைனாகுலரை விட்டுப்போனார். றொஜன் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி, கயிற்றை இழுத்தால் விலகும்படி செய்துகொடுத்தான். அந்த இடைவெளியில் இரவு வானத்து வெள்ளிகளைக் கண்ட அன்று றொபேட் குழந்தைபோல அழுதான்.

ஆனால் பைனாகுலரை நெஞ்சில் வைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வெள்ளிகள் ஏறி இறங்கின. கட்டிலுக்கு மேலுள்ள நுளம்புவலைச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், தொட்டவுடன் ஊஞ்சலாடின. ஆடாத தாங்கி ஒன்று செய்ய, படுத்தபடியே பனைமரச் சிலாகைகளை அறுத்துப் பார்த்தான். மரத்தூள் படுக்கைப் புண்ணில் ஒட்டியது. ஜெனீற்றா திட்டித் திட்டிக் கழுவினாள். கடைசியில் பழைய சைக்கிளின் முன்கவையைத் தலைமாட்டில் இறுக்கி, கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாவைப் போல இரண்டு சிலாகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பூட்டினான். ஒரு முனையில் பைனாகுலர். மறுமுனையில் பாரத்துக்கு, அவனைக் கடலடிக்கு இழுத்துப்போன அதே ஈயப்பட்டி. ஒரு விரலால் தள்ளினால் போதும், விட்ட இடத்தில் நின்றது. வெறுங்கண்ணுக்கு ஆறு வெள்ளியாகத் தெரியும் கார்த்திகை, அதற்குள் ஒரு கைப்பிடி உப்பைக் கொட்டியதுபோலத் தெரிந்தது.

அந்தப் பட்டியைக் கேட்டுத்தான் றொஜன் இன்று வந்திருந்தான்.

“விடிய போட் வெளிக்கிடுது அண்ணை. பட்டி இல்லாதவனை ஏத்தமாட்டினம். என்ர இடத்துக்கு வேற ஆள் ஆயத்தமா நிக்குது.”

“நிக்கட்டும். நீ வலையைப் போடு.”

“வலையில என்ன படுது? சொறிமுட்டையும் பாசியும்.”

“என்னைப் பார்த்துக்கொண்டுமாடா இறங்கப் போறாய்?”

“நீங்கள் அவசரப்பட்டனியள். நான் அவசரப்படமாட்டன்.”

தனக்கு முன்னால் இப்படிப் படுக்கையில் விழுந்த ஒருவனைப் பார்த்து றொபேட்டும் அன்று இதையேதான் சொல்லியிருந்தான். இனிப் புத்தி சொல்லித் தடுக்க ஏலாது. அவன் எட்டித் துலாவைப் பிடித்துக்கொண்டான்.

“பட்டி போனா இது நிக்காது. எனக்கெண்டு உலகத்தில மிஞ்சினது இது ஒண்டுதான். இதையும் பறிக்கப் போறியே?”

வாசலில் நின்ற ஜெனீற்றா கண்ணைத் துடைத்தபடி குசினிப் பக்கம் திரும்பிப் போனாள்.

றொஜனின் தலை குனிந்தது. அண்ணனுக்காகக் கூரையைப் பிரித்தவனல்லவா அவன்! “சரி அண்ணை, வைச்சிருங்கோ” என்று பட்டியைத் திரும்பக் கொழுவப் போனான். றொபேட் கண்களை மூடி மாதாவை நினைத்தான். தம்பி தப்பிவிட்டான்.

“பொறும் தம்பி!”

ஜெனீற்றா மூச்சிரைக்க வந்தாள். அவள் கையிலிருந்த வலைத்துண்டுக்குள் அம்மிக்குழவி கிடந்தது. அவளுடைய காதில் விழுந்தது ஒன்றுதான்: புருசனுடைய வெள்ளிகள் போகப்போகின்றன.

“இதைக் கட்டினாச் சரிதானே? இதுக்குப்போய் ஏன் ரெண்டு பேரும் கத்துறியள்? சம்பலை நான் உரலில இடிக்கிறன்.”

மீன்பிடிகாரன் மகள், அவள் போட்ட முடிச்சு நழுவாது. றொஜன் கையை எடுத்தான். துலா ஒருமுறை தாழ்ந்தது, நிமிர்ந்தது, நின்றது.

“இப்ப ஆடுதே?” என்று ஆசையாகக் கேட்டாள்.

பொய் சொல்ல றொபேட் வாய் திறந்தான். மூன்று பேருடைய கண்களுக்கு முன்னால் துலா கல்லாக நின்றது. அவ்வளவு நன்றாக அதைச் செய்திருந்தான்.

“இல்லை” என்றான். “ஆடேல்லை.”

றொஜன் குனிந்து, கிடந்த ஈயக்கட்டியை எடுத்துப் பட்டியில் கோத்துத் தோளில் போட்டான்.

“மேல வரேக்க உன்ர மூச்சுக் குமிழியை முந்தாத. கேட்குதே? குமிழிக்குப் பின்னால வா” என்றான் றொபேட்.

“இறங்க முதலே ஏறச் சொல்லித் தாறியள்” என்று சிரித்தான் தம்பி.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்.”

“நேரமில்லை மச்சாள்.”

முற்றத்தில் ஈயக்கட்டிகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் தெரு ஒழுங்கை வரை கேட்டது. நுளம்பு வருகிறதென்று ஜெனீற்றா கதவைச் சாத்தினாள்.