சயாமுக்குப் போகாத தாத்தா

குணா அண்ணன் போய்விட்டார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருந்தாரே... அவர்தான். ஐம்பத்து மூன்று வயது. நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

என்னைவிடச் சின்னவர், ஆனாலும் எனக்கு அண்ணன்தான். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும் வழியில் கற்பூரம் வாங்குவேன். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். "வேணாம்க்கா, மெழுகு கலந்துட்டான். சாமிக்கு இதையா ஏத்துவீங்க? அடுத்த வாரம் வாங்க லா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

போன தீபாவளி சமயம் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, இது நல்லா இல்ல. கிளினிக் போங்க."

"போனேன்க்கா. குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. எவனுக்கும் இல்லன்னுட்டேன். தாத்தாவ யுத்த காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போயிக் கொன்னான். அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு. எங்க ஆளுங்களுக்கு ஹார்ட் வர்றதுக்கு எங்கக்கா நேரம்?"

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னாராம். 'இல்லாத வியாதிக்கு எதுக்கு' என்று கேஸ்ட்ரிக் மாத்திரையோடு வந்துவிட்டாராம்.

இன்று கிள்ளானில் அவர் வீட்டில் தேவாரம் பாடி முடித்துவிட்டு அவருடைய அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்ணூறு வயது. "எங்கப்பன் மாதிரியே உக்காந்த வாக்குல போயிட்டியேடா!" என்று அடித்துக்கொண்டு அழுதார்.

எனக்குப் புரியவில்லை. "பாட்டி, உங்கப்பா சயாம்லதானே...?"

குரலைத் தாழ்த்தினார். "சயாமாவது! லோரியே ஏறலம்மா. ஜப்பான்காரன் எஸ்டேட்டுக்கு வந்து, பேரு கூப்பிட்டு வரிசையில நிறுத்துனான். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, அவ்ளோதான். எனக்கு எட்டு வயசு. பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம் ஏன் சயாம்னு சொன்னீங்க?"

"அந்த லோரில போன எவனும் திரும்பல. எல்லா வீட்டுலயும் சயாம்தான். நாங்களும் அதையே சொன்னோம். அஞ்சு பொட்டப் புள்ளைங்க. நெஞ்சுவலிக் குடும்பம்னா எவன் கட்டுவான்?"

"குணா அண்ணனோட அப்பா?"

"என் தம்பியும் அப்படித்தான். நெஞ்சுவலிதான், வழுக்கல. அவன் விழுந்த பிறகுதான்மா தண்ணியே கொட்டுச்சு."

ஜப்பான்காரன் செய்த பாவம் மலையளவு. அதற்குள் இதையும் ஒளித்து வைப்பீர்களா? ஐந்து பெண்களுக்கும் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தியும் எடுத்தாயிற்று. அப்புறமாவது குணா அண்ணன் காதில் ஒரு வார்த்தை...?

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு எப்படிச் சொல்ல முடிந்தது அந்தப் பொய்யை?

இன்னும் கேளுங்கள். அண்ணனின் மகன் தினேஷுக்கு இருபத்தேழு வயது, பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார். "பையனுக்கு நிச்சயம் பண்ணணும். வாயத் திறந்துடாத தாயி."

திறந்தேன். தினேஷைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

பையன், "அப்பாவுக்கு இது தெரியாதா ஆன்டி?" என்று மட்டும் கேட்டான்.

தெரியாதுப்பா. தெரிந்திருந்தால்...

சாவு வீட்டில் குடும்ப மானத்தை வாங்கிவிட்டேன் என்று அத்தை என்னிடம் முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

தினேஷைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போடுங்க ஆன்டி. அவகிட்ட நானே சொல்லிட்டேன்" என்றான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டாக்டரிடம் போகலாம் என்று அத்தை தடுத்தாராம். அதுவரை காத்திருக்க முடியாது என்று அந்தப் பெண்ணே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாளாம்.

குணா அண்ணே, சிவன் பாதத்தில் இளைப்பாறுங்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தினேஷுக்கு ஈ.சி.ஜி.