மிஸ்டு கால் வந்த பிறகு காபி

காபி மிஷினின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியாயிற்று. பொடியைச் சல்லடைக் கிண்ணத்தில் போட்டு, இஞ்சி தட்டும் பித்தளைக் குழவியால் அழுத்தி, கைப்பிடியை மிஷினில் திருகிப் பூட்டியாயிற்று. ஆவிக்குழாய்க்குப் பக்கத்தில் பால் குவளையும் தயாராக வைத்தாயிற்று. இனி சுவிட்சைத் தட்டுவது ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் பொன்னுத்தங்கம் செய்ய மாட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேற்கே பார்த்த ஜன்னலுக்குக் காதைக் கொடுத்தபடி நிற்பார். பக்கத்தில் கிரைண்டர் மூடியின் மேல் அவருடைய செல்போன் கிடக்கும்.

"இருங்க சார். மிஸ்டு கால் வரட்டும்" என்பார் என்னிடம், திரும்பிப் பார்க்காமலே.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். "தனி ஆளுக்கு எதுக்கு அடுப்பும் பாலும்" என்று சொல்லி, காலைக் காபி கீழேதான் என்று விதித்தவர் அவரே. விதித்தவருக்குக் காபியை நேரத்துக்குத் தர மனம் இல்லை என்பது குடியேறிய மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. காபி இல்லாமல் நான் மனுஷன் இல்லை. அந்த ஜன்னலோரத்தில் தினமும் அரைமணி நேரம் மனுஷனாக இல்லாமலேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். சிவகாசிக்கு மேற்கே எம். புதுப்பட்டிப் பக்கம் அவர்களுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி. கணவர் பலவேசம் காலமான பிறகு மகன் மணிகண்டராஜ் பார்த்துக்கொள்கிறார். வெடிமருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அதனால் அவர் இருட்டு பிரிவதற்கு முன்பே பைக்கில் கிளம்பிவிடுவார். கலவை முடிந்து ஆட்கள் அறையைவிட்டு வெளியே வந்ததும், கேட்டருகில் இருக்கும் ஆபீசுக்கு வந்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். எடுத்துப் பேசக் கூடாது, பேச ஒன்றும் இல்லை. அந்த ஒரு ரிங் வரும்வரை இந்த வீட்டில் சத்தம் போடும் எதுவும் ஓடக் கூடாது.

மிக்ஸி கிடையாது. டிவி கிடையாது. குக்கர் விசிலடிக்கும் என்பதால் காலையில் குக்கர் ஏறாது, உப்புமாதான். ஃபேன்கூட இரண்டாம் நம்பருக்கு மேல் சுற்றாது. மிஸ்டு கால் வந்துவிட்டாலோ வீடு கல்யாண வீடாகிவிடும். மிக்ஸியில் சட்னி அரைபடும், குக்கர் கூவும், டிவியில் யாரோ ராசிபலன் சொல்வார். இவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு காபி மிஷின் உறுமும்.

இட்லிக் கொப்பரையைவிடக் கொஞ்சம் உயரமான மிஷின். சீசனுக்குச் சரக்கு எடுக்கும் இந்தூர் சேட் ஒருவர் தீபாவளிப் பரிசாக அனுப்பியது. மகன் இரண்டு நாள் போட்டுக் குடித்துவிட்டு, கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். பொன்னுத்தங்கம்தான் அதைப் பழக்கினார். சிவகாசி உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படிந்து அடைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குக் கேன் தண்ணீர் என்று ஆக்கினார். சிக்கரி சேர்ந்த பொடி ஆகாது என்று கடைக்காரரோடு சண்டை போட்டு, தனிக்கொட்டையை நைசாக அரைத்து வாங்கினார். சேட் அனுப்பிய பொம்மைக் கிண்ணங்களைப் பரணில் போட்டுவிட்டு டம்ளருக்கு மாறினார்.

பொடியை அழுத்துவதற்கு அவர் சொல்லும் பெயர் 'மருந்து கெட்டிக்கிறது'. "கெட்டியா இருந்தா தண்ணி எறங்காது. லேசா இருந்தா புஸ்ஸுனு போயிரும். கை சொல்லும் சார், போதும்னு" என்பார். ஆவிக்குழாயின் திருகை முதலிலேயே கொஞ்சம் திறந்துவைத்துவிடுவார். சூடேறும்போது அதிலிருக்கும் பழைய தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். "அதோட எச்சியத் துப்பட்டும், பொறவு பாலைக் காட்டலாம்." இவ்வளவு அருவருப்பான வர்ணனைக்குப் பிறகும் அந்தக் காபியை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மேலே பொன்னிறத்தில் நுரை கட்டி, தொண்டையில் இறங்கும்போது ஒரு கசப்பு, இறங்கிய பிறகு ஒரு தித்திப்பு. கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"மிஷினை மட்டும் முன்னாடியே போட்டா என்னம்மா? வெடிச் சத்தம் கேக்காமலா போயிரும்?" என்று ஒரு முறை கேட்டேன்.

"சத்தம் கேக்கும் சார். எந்தப் பக்கம்னு தெரியாதுல்ல."

அந்தக் காது அப்படிப்பட்டது. தூரத்தில் டமார் என்று ஏதாவது கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பார். "குவாரி வேட்டு" என்பார். "இது கோயில் வெடி. பொங்கச் சாட்டியிருக்காக" என்பார். "எளவு வீடு, பாவம்" என்பார். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு வார்த்தை வரும்: "நம்ம பக்கம் இல்ல." சொல்லிவிட்டு மூச்சை விடுவார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத நானும், எங்கேயாவது சத்தம் கேட்டால் அவர் வாயிலிருந்து அது வருவதற்காகவே காத்திருக்கிறேன்.

இன்னொருத்தியும் காத்திருப்பாள். கொல்லையில் பாத்திரம் விளக்கும் செல்வலட்சுமி. இவளுடைய வீட்டுக்காரர் முத்துக்கருப்பன்தான் மணிகண்டராஜின் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். முதலாளி வாசலில் நிற்பார். கலவை அறைக்குள் கை வைப்பது முத்துக்கருப்பன். மிஸ்டு கால் வரும்வரை செல்வலட்சுமி பாத்திரங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் விளக்குவாள். ரிங் கேட்டதும் சட்டிபானைகள் உருளும். அவளுக்கும் இந்த மிஷின் காபி உண்டு. ஆனால் அவளுடைய டம்ளர் அலமாரியில் இருக்காது, கொல்லை ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். நான் இதை எழுதுவது தெரிந்தால் பொன்னுத்தங்கத்துக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

மின்வெட்டு வந்த பிறகு அவர் பாடு இரட்டிப்பாகிவிட்டது. மிஸ்டு கால் வந்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கும்போது மிஸ்டு கால் வராது. "இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல" என்று மின்வாரியத்தையும் மகனையும் சேர்த்தே வைவார்.

போன புரட்டாசியில் ஒரு நாள் ரிங் வரவில்லை. தீபாவளி நெருங்கியிருந்தது. இந்தூருக்கு லோடு போக வேண்டும், கலவை கூடுதல், நேரமாகும் என்று மகன் முந்தின நாளே சொல்லியிருந்தார். வெயில் கொல்லைப் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. எனக்கு பிரஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மட்டும் போட்டுவிடலாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பேசாம இருங்க சார்."

அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. கோபம் வந்தது, டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். அப்போது ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

பொன்னுத்தங்கம் கண்ணை மூடினார். திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். அந்த உடம்போடு அவர் அப்படிப் படியேறுவார் என்று நான் நினைத்ததில்லை. செல்வலட்சுமி எனக்கு முன்னால் ஓடினாள், முழங்கை வரை சோப்பு நுரையோடு.

மேற்கே புகை. முதலில் வெள்ளையாக எழும்பி, பிறகு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் தெருவில் எல்லா மொட்டை மாடியிலும் ஆட்கள். எல்லார் காதிலும் போன். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கு லைன் கிடைக்கும்? "புதுப்பட்டிப் பக்கம்தான்" என்று எதிர் மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். அந்தப் பக்கம் எத்தனையோ கம்பெனிகள். மூன்று வீடு தள்ளி ஒரு பெண் அதற்குள் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

பொன்னுத்தங்கம் மகனுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தார். கட்டைவிரல் வழுக்கியது. செல்வலட்சுமி புகையைப் பார்க்கவில்லை, அந்தப் போனையே பார்த்தாள். அவளிடம் போன் கிடையாது. முத்துக்கருப்பனிடமும் கிடையாது. தினமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போகிற மனிதர் அவர்.

ரிங் வந்தது. ஒரே ஒரு ரிங். கட்டாகிவிட்டது.

திரையில் மகனின் பெயர். பொன்னுத்தங்கம் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "முருகா, எம் புள்ள இருக்கான். எம் புள்ள இருக்கான் சார்" என்று போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சமையலறைக்குப் போய், மிஷின் சுவிட்சைப் போட்டார். யோசித்துப் போட்டது இல்லை. ரிங் வந்தால் அந்தக் கை அதைத்தான் செய்யும். சிவப்பு விளக்கு எரிந்தது.

செல்வலட்சுமி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொல்லைப் பக்கமாக அல்ல, வீட்டுக்குள் இருக்கும் வாசலில். அந்தப் படியில் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"மொதலாளியம்மா," என்றாள். "அந்த மிஸ்டு காலு சின்ன மொதலாளிக்கு மட்டுமா? எங்க வீட்டு ஆளுக்கும் சேத்தா?"

பொன்னுத்தங்கத்தின் முகத்தை அப்போது பார்த்தேன். அடி வாங்கிய முகம். மற்ற நாளில் அந்த ரிங்குக்கு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்றைக்கு அதற்கு என்ன அர்த்தம்? பட்டனை அழுத்துகிறவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எனக்கும் அது அதுவரை உறைக்கவில்லை. நானும் அழுதுவிட்டு, ஆறுதலடைந்து, படியிறங்கி வந்திருந்தேன்.

"அய்யோ செல்வி" என்றார். மகனுக்கு மறுபடி போன் போட்டார். கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை. செல்வலட்சுமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரை அவள் கையிலேயே காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. மிஷின் பின்னால் சூடேறிக்கொண்டே இருந்தது.

ரிங் போனது. எடுத்துவிட்டார்கள்.

"எலே, நீ நல்லாருக்கது தெரியும். அத வுடு. முத்துக்கருப்பன் எங்கன?" அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. "பேசாத. அவன் கையில போனக் குடு. இப்பவே குடு."

போனைச் செல்வலட்சுமியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை, வாங்குகிற நிலையில் அந்தக் கைகள் இல்லை. பொன்னுத்தங்கம் நெருங்கிப் போய், தானே அதை அவள் காதில் வைத்துப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஆவிக்குழாய் சீற ஆரம்பித்தது.

"ஒண்ணுங் கேக்கலையே" என்றாள் செல்வலட்சுமி. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. "யாரும் பேசலையேம்மா. ஒண்ணுமே கேக்கலையே..."

பொன்னுத்தங்கம் சுவிட்சைத் தேடவில்லை. போன் பிடித்த கையை நகர்த்தாமல், மறு கையால் எட்டி வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பால் குவளை சாய்ந்து மேடையெல்லாம் பால் ஓடியது. ஆவி கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது.

செல்வலட்சுமி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவள் உதடு கோணிக்கொண்டது.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

போனுக்குள் முத்துக்கருப்பன் என்ன சொன்னாரோ, அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று மேற்கே போனது. பொன்னுத்தங்கம் மகனோடு பேசப் போனைத் திருப்பி எடுக்கவில்லை. ஒரு கையில் தொங்கும் வயரோடு, காலடியில் சொட்டும் பாலோடு, மறு கையால் போனைச் செல்வலட்சுமியின் காதோடு சேர்த்துப் பிடித்தபடியே நின்றார்.