கயிறு பிடித்தவர்களுக்கு அட்டை

மணி நாலு பத்து. இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்தை நானே என் கையால் ஒன்பது அட்டைகளில் எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடம் விடும் மணியும் நாலு பத்துக்குத்தான் அடிக்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மணி ஓயும்வரை நிற்பேன். இத்தனை வருஷம் ஆகியும் அப்படித்தான்.

அம்மன் கோயில் திருவிழா எங்கள் ஊரில் ஆடிக் கடைசியில் மூன்று நாள் நடக்கும்; மூன்றாம் நாள் தேர். முதல் போகத்துக்கு அணை திறந்து முல்லையாற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும் காலம் அது. ஆற்றில் முங்கி எழுந்து ஈரத்தோடு கோயிலுக்குப் போவார்கள். பெண்கள் படித்துறையில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் பத்தடி தள்ளினால் கால் நிலைக்காது. அதனால் படித்துறையைச் சுற்றி வளைத்து ஒரு தாம்புக் கயிறு பிடிப்பார்கள். அதைக் கல்லிலோ மரத்திலோ கட்டக் கூடாது. காய்ச்சல் தீர்ந்தவர்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள், "ஆத்தா, மூணு நாளும் கயிறு பிடிக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டு தண்ணீரில் நிற்பார்கள். மனிதக் கை பிடித்தால்தான் அது வேண்டுதல்.

அந்தக் கைகள் குறைந்துகொண்டே வந்தன. நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தின வருஷம் நாலே பேர் நின்றார்கள். கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. விழாக் கமிட்டியில் பெண்கள் படித்துறையை என் பொறுப்பில் விட்டார்கள். படித்தவள், டீச்சர், ஏதாவது செய்வாள் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்குப் பென்சில் கொடுத்துத் தூக்க வைத்தவள்தானே நான்.

ஒரு அட்டை அடித்தேன். கயிறு பிடிப்பவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முத்திரை. மூன்று முத்திரை சேர்ந்தால் அன்று மாலை சாமி அலங்காரத் திரை திறக்கும்போது, வரிசையில் நிற்காமல், குடும்பத்தோடு வடக்கு வாசல் வழியாகப் போகலாம். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் போய்விட வேண்டும். தவறினால் பொது வரிசை. பொது வரிசை என்பது வெயிலில் மூன்று மணி நேரம்.

முதல் நாளே அறுபது பெண்கள் வந்து நின்றார்கள். கமிட்டிச் செயலாளர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பூரித்துப் போனேன்.

பழைய நாலு பேரில் மூன்று பேர் வரவில்லை. "ஓசி பாஸுக்கு நிக்கிறாளுகன்னு தெருவுல பேசுறாக டீச்சர்" என்று ஒருத்தி சொல்லி அனுப்பினாள். நான் கண்டுகொள்ளவில்லை. அறுபது பேர் இருக்கும்போது மூன்று பேருக்காக ஏன் கவலைப்பட வேண்டும்?

நாலாவது ஆள் வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். கொடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்டுப் பட்டு விரல்கள் எல்லாம் தழும்பு. பதினோரு வருஷமாக நிற்கிறாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. இரண்டாம் நாள் காலை, மேசைப் பக்கமே வராமல் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஏத்தா, அட்டை வாங்கிட்டு இறங்கு" என்றேன்.

"அட்டை வேணாம் டீச்சர். நான் நேந்துக்கிட்டுல்ல நிக்கேன்."

"அட்டை இல்லாம யாரு நின்னா, யாரு நிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்தாளுக்குத் தெரியும்ல."

"அப்ப சாயங்காலம் ஆத்தா வந்து ஒனக்கு முத்திரை குத்துவாளா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் சொன்னேன். "பாஸ் வேணாங்கிறவ பாஸ் வேணுங்கிறவ இடத்த அடைக்கக் கூடாது. மேல ஏறு."

அவள் ஈரச் சேலையோடு படியேறி வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். தண்ணீர் என் காலில் விழுந்தது.

"நான் கீழ்ப்பக்கம் போயி நின்னுக்கிறேன்."

"அங்கன கயிறே இல்லையே, என்னத்தப் பிடிப்ப?" என்று ஒருத்தி கேட்டாள். மறுபடியும் சிரிப்பு. அவள் வாழைத் தோட்டத்துப் பக்கமாக நடந்து போனாள்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரே பிள்ளை. அவளுடைய அப்பா ஏலக்காய் வியாபார வேலையாகக் குமுளியில் இருந்தார். அதனால் அவளையும் படித்துறைக்குக் கூட்டி வந்திருந்தேன். காலையிலிருந்து தண்ணீரில் இறங்க வேண்டும் என்று நச்சரித்தாள். மத்தியானத்துக்கு மேல் விட்டேன். என் சுபாவப்படி பத்து தடவை சொல்லித்தான் விட்டேன். "கயித்த விடாத. நான் சொல்ற வரைக்கும் விடவே கூடாது. என்ன?" அவள் தலையாட்டினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

நாலு மணி சுமாருக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது. திரை சீக்கிரம் திறக்கப் போகிறார்களாம், அட்டைக்காரர்கள் உடனே வடக்கு வாசலுக்கு வர வேண்டுமாம். அப்போது கயிற்றில் நின்றவர்கள் ஒன்பது பேர். மூன்றாவது முத்திரைக்காக ஒன்பது பேரும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். "எனக்கு மொதல்ல டீச்சர்." "ஏடி, தள்ளாதடி, நான் உனக்கு முந்தி வந்தவ." நான் முத்திரை குத்தி, பக்கத்தில் நேரம் எழுதினேன். நாலு பத்து, நாலு பத்து, நாலு பத்து. ஒன்பது ஈரச் சேலைகள் ஆற்றை மறைத்துக்கொண்டிருந்தன. ஒன்பது பேரும் இங்கே நின்றால் கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. அவர்களில் ஒவ்வொருத்தியும் மற்ற எட்டுப் பேர் நிற்பதாக நினைத்தாளாம். கடைசியாக ஏறியவள் மட்டும் கயிற்றின் முனையைப் படிக்கல்லுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாளாம்.

அவர்கள் ஓடிப் போனதும் ஆறு தெரிந்தது. கயிறு இல்லை.

தண்ணீரில் விளையாடிய பிள்ளைகள் படியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "டீச்சர், கயிறு போனப்ப நாங்கல்லாம் விட்டுட்டு வந்துட்டோம். உங்க பாப்பா விடல. கயித்தோட போயிருச்சு."

கீழே அரை மைல் தூரத்தில் தடுப்பணை. எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகளும் கிழவிகளும். நான் ஆற்றுப் பக்கம் ஓடாமல் கோயில் பக்கம் ஓடினேன். என் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள்.

வடக்கு வாசலில் அட்டையை விசிறி போல வீசிக்கொண்டு நின்றார்கள். "எம்பிள்ளைய ஆறு இழுத்துட்டுப் போகுது, வாங்க" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். யாரும் நகரவில்லை.

"அடுத்த முறைக்கு ஆளுக இல்லையா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"வரிசைய விட்டா மறுபடி விடுவாகளா? நீங்கதான எழுதிப் போட்டீக?"

இன்னொருத்தி அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "எங்க நேரம் நாலு பத்தோட முடிஞ்சிருச்சு. உங்க கையெழுத்துதான, பாருங்க."

என் கையெழுத்துதான்.

அப்போது நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. "வர்றவுகளுக்கு இன்னொரு பாஸ் தர்றேன்" என்றேன். என் பிள்ளை தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறாள், நான் வாசலில் நின்று ஏலம் விடுகிறேன். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது:

"தேர் நாள் பாஸா டீச்சர்?"

"ஆமா. தேர் நாள் பாஸ்."

நாலு பேர் வரிசையை விட்டு வந்தார்கள்.

கரையோரமாக ஓடினோம். நாணலுக்குள் பார்த்தோம். தோட்டத்து மோட்டார் ரூம் பின்னால் பார்த்தோம். எனக்கு முன்னால் ஓடியவள், "ரெண்டு பேருக்கு ஒரு பாஸா, ஆளுக்கு ஒண்ணா?" என்று பக்கத்தில் ஓடியவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. தடுப்பணையின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாக, "நாங்க வந்தோம்ல டீச்சர், அது கணக்குதான?" என்றாள்.

அப்போதுதான் வாழைகளுக்கு நடுவே ஆள் வரும் சத்தம் கேட்டது. திராட்சைத் தோட்டத்துக்காரி. காலையில் நான் படித்துறையிலிருந்து விரட்டியதும் கீழ்ப்பக்கம் வந்து, இவ்வளவு நேரமும் தடுப்பணைக்கு மேலே கழுத்தளவு தண்ணீரில் தனியாக நின்றிருக்கிறாள். அவள் இடுப்பில் என் மகள் இருந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. தாம்புக் கயிறு இரண்டு சுற்றாகப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றியிருக்க, மிச்சக் கயிறு சேற்றில் இழுபட்டுக்கொண்டு வந்தது. சுற்றிய இடத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அப்படியும் விரல்கள் இறுகிக் கிடந்தன.

அவள் என் முன்னால் குனிந்து, பிள்ளையை என் மடியில் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கயித்த விட மாட்டேங்குது டீச்சர்" என்றாள். "எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். நீங்க சொன்னாத்தான் விடுமாம். சொல்லுங்க."