குப்பியில் இருந்த ஆறு விரல்

கொச்சியில், மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் கண்காட்சி என்று எது நடந்தாலும், பள்ளுருத்தியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சாயா குடித்துத் திரும்புவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கலைக்கும் எனக்கும் அவ்வளவு தூரம்.

அன்று போனதற்கு வேறு காரணம் இருந்தது. வீட்டில் இருந்தால் மனைவியும் நானும் ஆபரேஷனைப் பற்றியே பேசுவோம். எங்கள் மகளுக்கு வலது கையில் ஆறு விரல். சுண்டுவிரலை ஒட்டி, குட்டியாக, நகத்தோடு. பள்ளியில் சேர்க்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும் என்பது மனைவியின் கட்சி. "பிள்ளைங்க கேலி பண்ணும். அப்பறம் அவ அழறத நீங்களா வந்து பாப்பீங்க?" என்பாள். சொந்தக்காரர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். டாக்டர் சின்ன விஷயம் என்றார். யார் பேசினாலும் அவர் சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றித் தொலைத்தது. அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகளிடம் மட்டும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம்.

கிடங்குக்குள் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். ஏதோ ஒரு பழைய மருத்துவ மியூசியத்தில் பதப்படுத்தி வைத்திருந்த உறுப்புகளைப் பார்த்து, ஒரு இளம்பெண் மெழுகில் அதேபோலச் செய்து தண்ணீரில் மிதக்க விட்டிருந்தாள். ஒரு இதயம். ஒரு காது. எல்லாம் மெழுகு என்று வாசலிலேயே எழுதியிருந்தும் நான் எதன் கிட்டேயும் போகவில்லை. குழந்தையைக் கூட்டி வரும் இடமா இது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்வதற்குள் மகள் ஒரு குப்பியின் முன் நின்றுவிட்டாள்.

"அப்பா, இங்க நோக்கு. எனக்கு உள்ள மாதிரியே இருக்கு."

உள்ளே ஒரு சின்னக் கை. ஆறு விரல். அவள் தன் கையைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொரு விரலாக ஒத்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதைச் செய்த பெண் வந்தாள். மியூசியத்தில் இருந்த அசல் குப்பியின் மேல் ஒரு எண் மட்டும்தான் இருந்தது, யாருடைய கை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை என்று மலையாளத்தில் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, மோளின் கையை ஒரு அச்சு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை என்ன காட்சிப் பொருளா? முடியாது என்று நான் வாயெடுக்கும் முன் மனைவி முந்திக்கொண்டாள்.

"எடுக்கட்டும். எங்களுக்கும் ஒண்ணு வேணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த விரலை எடுத்தே தீர வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவள் இவள்தான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பல் டாக்டர் அளவெடுக்கும் மாவு போல ஒன்றை அந்தப் பெண் கிண்ணத்தில் குழைத்தாள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். மாவு இறுகும்வரை அசையக் கூடாது என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம்.

"இது என்னத்துக்கு அம்மா?"

"ஞாபகத்துக்கு வச்சுக்க, மோளே. அடுத்த வாரம் அந்த விரல் இருக்காதில்ல," என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மகள் கிண்ணத்தைப் பார்த்தாள். "இந்த மாவு எடுத்துக்குமா?"

"இல்ல மோளே. மாவு ஒண்ணும் செய்யாது," என்றேன்.

"பின்ன யாரு எடுப்பா?"

மனைவி சொல்வாள் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் இருந்தாள்.

"நாங்கதான்," என்றேன் கடைசியில்.

அவள் அழவில்லை. கையையும் வெளியே எடுக்கவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தோமே, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.