வண்டிக்கு அடியில் ஒரு சட்டி கங்கு

நாங்கள் குடியிருந்த தீயணைப்பு நிலையத்துக்கு ஒருமுறை தீ வைத்தவள் நான். வேண்டுமென்று வைக்கவில்லை, ஆனால் வைத்ததை மறைக்கவும் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் நான் படிக்கவில்லை. பிறகு சுற்றிய ஊர்களையும் பார்த்த வேலைகளையும் எழுதினால் பஸ் நிலையத்துப் பலகை போல நீளும். எந்த ஊரில் யார் கேட்டாலும், என் அப்பா தீயணைப்பு வண்டி ஓட்டியவர் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. பழனி மலைத்தொடரின் மேலே ஒரு மலையூரில், ஏரிக்குச் சற்று மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு வண்டி. பின்பக்கம் வரிசையாக நாலு வீடு. வேலை பார்த்தது எட்டுப் பேர். எட்டுப் பேரும் வெயில் காய்ந்த ஊர்களில் பிறந்தவர்கள். மப்ளரைக் காதோடு சுற்றி, அதன்மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு, பற்கள் அடித்துக்கொள்ள அணிவகுத்து நிற்பார்கள். தலைமை தாங்கியவர் லீடிங் பயர்மேன். பிள்ளைகள் நாங்கள் அவரை லீடிங் மாமா என்று கூப்பிடுவோம்.

மாசி, பங்குனியில் மலைச்சரிவுகளில் புல் எரியும். பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைப்பார்கள். மார்கழி, தையில் பங்களாக்களின் புகைபோக்கி எரியும். உள்ளே படிந்த கரி பற்றிக்கொண்டால் ரயில் போவது போல ஒரு சத்தம் வருமாம். அப்பா ஏணியில் ஏறி நனைத்த சாக்கைப் போட்டு மூடுவார். துரைசாணி கொடுத்த கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். அதில் புகை வாசனை அடிக்கும். கேக்கென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் குளிருக்கென்று எங்கள் நிலையத்தில் ஒரு முறை இருந்தது. பம்புக்குள் தண்ணீர் நின்றால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். ஒருதடவை பிளந்தும் இருக்கிறது. அதனால் பொழுது சாயும்போது வண்டியிலிருந்த தண்ணீரையெல்லாம் வடித்துவிடுவார்கள். விடிந்ததும் மறுபடி நிரப்புவார்கள். இன்னொரு தொல்லை, எண்ணெய் கெட்டிப்பட்டு வண்டி கிளம்பாது. ஒரு பங்களாவில் புகைபோக்கி எரிந்த காலையில் வண்டி கிளம்பாமல் எட்டுப் பேரும் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு லீடிங் மாமா ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து ஒரு சட்டி கங்கு வர வேண்டும். வண்டிக்கு அடியில் கால்மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். நாலு வீட்டுக்கும் முறை. கொட்டகை வாசலில், உள்ளே நெருப்பு கொண்டுவரக் கூடாது என்று மெட்ராஸிலிருந்து வந்த பலகை தொங்கியது. கங்குச் சட்டி அதன் கீழேதான் குனிந்து போகும்.

அந்தத் தை மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நாள் வண்டி கிளம்பவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இன்னொரு தடவ மக்கர் பண்ணுச்சுன்னா லீடிங் மதுரைக்கு எழுதிப்போட்டுருவாரு. வேற டிரைவரு வந்துருவான்."

"வண்டி கெளம்பலைன்னா டிரைவர் என்ன பண்ணுவாரு? வண்டிய மாத்தச் சொல்லுங்க."

"அத நீ வந்து சொல்லு."

அம்மாவுக்குத் தம்பி பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எழுந்து நடமாடக் கூடாது. மறுநாள் எங்கள் முறை. பக்கத்து வீட்டு அத்தை தான் கொடுப்பதாகச் சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. "எங்க மொறைய நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி இரும்புச் சட்டியை என் கையில் கொடுத்தாள்.

வெளியே புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது. கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் கங்கு சாம்பல் பூத்துவிட்டது. இதை வைத்து எந்த வண்டி கிளம்பும்? நான் அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அம்மா அடுப்புப் பற்றவைக்கச் சேர்த்திருந்த தைலமரத்துச் சருகை மடி நிறைய அள்ளி வந்திருந்தேன். அப்பா சட்டியை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். நான் குப்புறப் படுத்து, சருகு முழுவதையும் சட்டியில் போட்டு ஊதினேன்.

தைலமரத்துச் சருகு எரிவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குப்பென்று எழுந்த தீ வண்டியின் வயிற்றிலிருந்த பிசுக்கைத் தொட்டது. பக்கத்தில் கிடந்த எண்ணெய்ப் பஞ்சுக்குத் தாவியது. அங்கிருந்து, காயத் தொங்கவிட்டிருந்த கித்தான் குழாய்களின் வாலைப் பிடித்து மேலேறியது.

அப்பா ஓடிவந்தார். ஒரு கையால் என்னை வெளியே வீசினார். கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று. வண்டி கிளம்பிவிட்டது. அடிவயிற்றில் தீயோடு அதை வெளியே ஓட்டிவந்து ஈரப்புல்லில் நிறுத்தி, மண்ணை வாரி அடித்து அணைத்தார். முன்கை ரோமம் பொசுங்கிப் போயிற்று. நான் கை தட்டினேன்.

கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. வண்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. லீடிங் மாமா பாதி முகத்தில் சவரச் சோப்போடு ஓடிவந்து, "எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று கத்தினார். வரிசையில் நின்று என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. குழாயில் பிடித்து நிரப்ப நேரமில்லை என்று அப்பா தண்ணீருக்காக ஏரிக்கு வண்டியை விரட்டினார். அதற்குள் புகையைப் பார்த்து ஊர் வந்துவிட்டது. காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரர், பூம்பாறையிலிருந்து பூண்டோடு வந்து இறங்கியவர்கள். வாளியும் குடமும் கை மாறின. ஒரு மூட்டைக்காரர் வாளியைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"ஏலே, பயர் ஸ்டேசனுக்கு யாராச்சும் போன் பண்ணுனீங்களாப்பா?"

எங்கள் ஆட்களைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தண்ணீரோடு திரும்பியபோது ஊர் தீயை அணைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்து மதுரையிலிருந்து அதிகாரி வந்தார். குரங்குக் குல்லாயும் இரண்டு சட்டையும் போட்டிருந்தார். அதற்குள் எட்டுப் பேரும் கூடிப் பேசி ஒரு வாக்குமூலத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். கொட்டகையின் மின்கம்பி உராய்ந்து பொறி பறந்ததைக் கண்டதாக ஒவ்வொருவரும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் மூச்சுவிட்டு ஒப்பித்தார்கள்.

அதிகாரி பேனாவை மூடினார். "எட்டுப் பேரும் விடிஞ்சதும் விடியாததுமா ஒரே கம்பியவே பாத்துக்கிட்டு நின்னீங்களாக்கும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. கம்பியாம், பொறியாம். ஒரே சுற்றில் வண்டி கிளம்பியதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிகிற வண்டியில் ஏறி அப்பா ஓட்டியதைப் பற்றியும் பேச்சில்லை. நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கம்பியெல்லாம் இல்லைங்க. நான்தான் சட்டியில சருகு போட்டேன். அதான் வண்டி ஒரே சுத்துல கெளம்புச்சு."

"எந்தச் சட்டியில பாப்பா?"

"கங்குச் சட்டிங்க. தெனமும் வண்டிக்கு அடியில வைப்பாங்க. அன்னைக்கு எங்க வீட்டு மொறை."

அதிகாரி நிமிர்ந்து வாசலில் கரியேறித் தொங்கிய பலகையைப் பார்த்தார்.

"இந்த ஏற்பாடு யாரு பண்ணுனது?"

லீடிங் மாமா மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றினார். அவருக்குக் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமோ என்னமோ. அதெல்லாம் அன்றைக்கு என் யோசனையில் இல்லை. இவ்வளவு நல்ல ஏற்பாட்டின் பெருமை இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

"எங்க அப்பாங்க. வண்டிச் சோலி பூராம் எங்க அப்பாதான்" என்றேன்.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு லீடிங் மாமாவை. "ஆமாங்க" என்றார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. கடலோரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல். டிரைவர் வேலை இல்லை, சாதாரணப் பயர்மேன். இனி வண்டியைத் தொடக் கூடாது. உத்தரவை வாசிக்கக் கேட்டபோது 'பெரிய ஸ்டேஷன்' என்ற சொல் மட்டுமே எனக்குப் பிடிபட்டது. அந்தப் பெரிய ஸ்டேஷனில் இரண்டு வருஷம் கஞ்சி குடித்தோம். பள்ளிக்கூடம் நின்றுபோனது. தம்பியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். அது பிற்பாடு.

கிளம்பிய காலையில் பஸ் நிலையத்துக்கு ஏழு பேரும் முழு உடுப்பில் வந்துவிட்டார்கள். எங்கள் மூட்டைகளைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டியது லீடிங் மாமா. வேறு யாரையும் தொடவிடவில்லை. இறங்கி வந்தவர் அப்பாவின் எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். தனக்குக் கீழே வேலை பார்த்தவருக்கு அவர் சல்யூட் அடித்து நான் பார்த்ததே இல்லை. பின்னால் நின்ற ஆறு பேரும் அடித்தார்கள். அவர் தாடை ஆடியது. குளிரில் என்று நினைத்தேன்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. கடைசியில் வண்டியைக் காப்பாற்றிய மனுஷரை மதிக்கத் தெரிந்துகொண்டார்களே. என்னால் அல்லவா தெரிந்துகொண்டார்கள். பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் கேட்டார், "ஏ புள்ள, ஒங்க அப்பா பெரிய ஆபீசரா?"

"இனிமேத்தான் ஆகப் போறாரு" என்றேன்.

அம்மா முந்தானையால் தம்பியின் முகத்தை மூடி, தன் முகத்தையும் அதற்குள் புதைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. தீயையும் ஒரே சுற்றையும் அதிகாரி முன்னால் நான் பேசியதையும் கண்டக்டருக்கு வரிசையாகச் சொன்னேன். வத்தலக்குண்டு வரும்வரை சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் நான் விழுந்துவிடாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் சொன்னதில் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.